வலையைக் காயவைக்காத வருடம்

போன மாதம் மூன்று பெண்கள் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். மூவரும் விலங்கியல் படித்தவர்கள். நான் முன்பு வேலை பார்த்த பல்கலைக்கழகக் கிராம ஆராய்ச்சித் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் நாமக்கல் பக்கம் கிணறு கிணறாகப் போகப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி என்னை "ரிட்டையர் ஆன அக்கா" என்றாள். எனக்கு இருபத்தொன்பது வயது. ஆனாலும் அவள் சொன்னது சரிதான். கல்யாணமான பெண்ணை அந்த வேலையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. ஆறு வருடம் பார்த்த வேலையை விட்டு நான் வந்து ஒன்பது மாதம் ஆகிறது.

அவர்கள் கையில் அச்சடித்த குறிப்புப் புத்தகம் இருந்தது. வாங்கிப் புரட்டினேன். பதினொன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "பட்டு வலையை உலரவிடக் கூடாது. ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குப் போகும்போது தண்ணீர் நிரப்பிய டப்பாவில் வைத்து எடுத்துச் செல்லவும்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். அதை எடுத்துவிட வேண்டும் என்று பிறகு எழுதிக் கொடுத்தவளும் நான். பழைய படியைப் பார்த்து அச்சுக் கோத்திருக்கிறார்கள்.

மூன்று புத்தகங்களிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். மற்றப் புத்தகங்கள் எந்தெந்த ஊருக்குப் போயிருக்கின்றன என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பட்டணத்தில் விலங்கியல் பட்டம். அதன்பின் ஒரு வருடம் நுண்ணோக்கியில் எண்ணும் பயிற்சி. ஒரு சொட்டுத் தண்ணீரில் எத்தனை உயிர் இருக்கிறது என்று எண்ணி, எழுதி, அழித்து, மறுபடி எண்ணும் வேலை அது. எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் பேராசிரியர் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். யுத்தம் தொடங்கிய புதிதில் நாமக்கல்லில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் முகாம் ஆரம்பமாயிற்று.

நாங்கள் ஆராய்ந்தது நரம்புச் சிலந்தி. ஊரில் வெறுமனே 'நரம்பு' என்பார்கள். இந்தத் தலைமுறைப் பட்டணத்துக்காரர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். காலில் ஒரு கொப்புளம் எழும்பி உடையும். உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தலைகாட்டும். முழ நீளம், சில சமயம் இரண்டு முழம். இழுத்தால் அறுந்து கால் சீழ் பிடிக்கும். ஓர் ஈர்க்குச்சியில் அதன் நுனியைச் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை வீதம், வாரக்கணக்கில் சுற்றி எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலைத் தண்ணீருக்குள் வைப்பார். அந்தக் கணம் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஒரு நீர்ப்பூச்சி அந்தக் குஞ்சுகளைத் தின்னும். பூச்சியோடு சேர்த்துத் தண்ணீரைக் குடித்தவருக்குப் பத்து மாதம் முதல் ஒரு வருடத்தில் காலில் புழு வரும்.

இந்தப் பத்து மாதக் கணக்கை மறக்காமல் படியுங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

எங்களுக்கு இரண்டு கிணறுகள். ஊர்ப் பெயர்களை எழுதப் போவதில்லை. நோட்டில் எழுதியபடியே முதல் கிணறு, இரண்டாம் கிணறு என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நாலு மைல். இரண்டும் அடிவரை படி இறங்கும் கிணறுகள். முதல் கிணற்று ஊரில் வீட்டுக்கு ஒரு கால் கட்டுப் போட்டிருக்கும். இரண்டாம் கிணற்று ஊரில் ஒரே ஒரு நோயாளிகூட இல்லை. ஏன் ஓர் ஊரில் இருக்கிறது, இன்னோர் ஊரில் இல்லை என்பதுதான் கேள்வி. இரண்டு கோடைக் கணக்கு முடியும்வரை கிணற்றில் எதையும் மாற்றக் கூடாது, ஊராருக்கு எந்த யோசனையும் சொல்லக் கூடாது என்பது திட்டத்தின் விதி. சொன்னால் அவர்கள் பழக்கம் மாறும், கணக்குக் கெடும். அந்த விதியை நான் அப்போது கேள்வி கேட்கவில்லை.

எங்கள் பேராசிரியர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. புத்தகத்தில் அச்சானது போலப் பேசுவார். நோட்டை நீட்டினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, போட்டுக்கொண்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். தவறு இருந்தால் சுட்டிக் காட்டமாட்டார். "மறுபடியும் எண்ணிப் பாருங்கள், அம்மா" என்பார். தவறு இல்லாவிட்டாலும் சில சமயம் அப்படியே சொல்வார். எது எதற்கு என்று தெரியாமல் நான் எப்போதும் இரண்டு முறை எண்ணினேன்.

முகாமில் மூன்றாவது ஆள் சபாபதி. தமிழ்ப் பிரிவு. சொற்கள் மருமகள்களோடு ஊர் மாறுகின்றன என்பது அவர் ஆராய்ச்சி. எந்த ஊர்ப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், பிறந்த வீட்டுச் சொல் எதை விட்டாள், எதைக் கொண்டு வந்தாள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். அவரிடம் மருமகள்களின் பட்டியல். என்னிடம் கால்களின் பட்டியல்.

வலை விஷயத்துக்கு வருகிறேன். மெல்லிய பட்டுத் துணியில் கூம்பு மாதிரி தைத்த வலை அது. நுனியில் ஒரு கண்ணாடிக் குழாய். படியில் நின்று கிணற்றின் குறுக்கே ஐந்து முறை இழுத்தால் குழாயில் நீர்ப்பூச்சிகள் சேரும். அந்தப் பட்டு யுத்த காலத்தில் கிடைக்காது. மடிப்பில் காய்ந்தால் விரிசல் விடும். ஆகவே ஈரமாகவே வைத்திருந்தோம். ஒரு கிணறு முடிந்ததும் மூடி போட்ட தகர டப்பாவில் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வலையை அதில் போட்டுக்கொள்வேன்.

பேராசிரியர் எழுதிக் கொடுத்த வரிசை இரண்டாம் கிணறு முதலில், முதல் கிணறு பிறகு. முதல் கோடையில், சித்திரை மாதம், நான் அதை மாற்றினேன். காரணம் என் நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கிறது. ஒன்று, வெயில் ஏறினால் பூச்சிகள் ஆழத்துக்குப் போய்விடும். இரண்டு, நோயுள்ள கிணற்றின் எண்ணிக்கைதான் முக்கியம், அதைக் காலையில் எடுக்க வேண்டும். மூன்று, காலை பஸ் முதல் ஊர் வழியாகத்தான் வருகிறது. நல்ல காரணங்கள். பேராசிரியர் மூன்றையும் கீழிருந்து மேலாகப் படித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிதோறும் முதல் கிணறு. பிறகு டப்பாவோடு நாலு மைல் வண்டி. இரண்டாம் கிணற்றில் இறங்கியதும், முந்தைய கிணற்றின் மிச்சம் கணக்கில் கலந்துவிடக் கூடாதே என்று, வலையை அந்தக் கிணற்றிலேயே மூன்று முறை நன்றாக அலசிவிட்டு அதன்பிறகே குழாயை மாட்டுவேன். என் கணக்கு மிகச் சுத்தமாக இருந்தது.

இரண்டாம் ஊரில் நல்லம்மாள் வீட்டில்தான் நான் சாமான்களை வைப்பேன். ஐம்பது வயதிருக்கும், தோட்டம், இரண்டு எருமை, ஒரே மகன் பழனியப்பன். அந்தத் தையில்தான் மகனுக்குக் கல்யாணமாகி, முதல் கிணற்று ஊரிலிருந்து பாவாயி மருமகளாக வந்திருந்தாள். எல்லார் காலையும் பரிசோதித்து எழுதிய நாளில் பாவாயி காலை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"பாதத்துக்குக்கூடக் கணக்கெழுதறீங்க அம்மிணி. மூஞ்சிய ஆரும் எழுத மாட்டீங்களா?"

"உன்ற மூஞ்சிய எழுதுனா நோட்டு ரொம்பிரும் புள்ள," என்றாள் நல்லம்மாள். "கால நீட்டு. அது சின்னதா இருக்குது."

அவள் காலில் பழைய தழும்புகூட இல்லை. நோயுள்ள ஊரில் பிறந்தவளுக்கு எப்படி என்று கேட்டேன். அவள் அப்பாவுக்குத் தோட்டத்தில் தனியாக ஏற்றக் கிணறு இருந்தது. அதில் யாரும் கால் வைத்து இறங்க முடியாது. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீர்தான். "இரு கால்களும் சுத்தம், தழும்பு இல்லை" என்று எழுதிக்கொண்டேன். நல்லம்மாள் மோர் கொடுத்தாள். ஒவ்வொரு வெள்ளியும் கொடுத்தாள். அது இரண்டாம் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த மோர். சுத்தமான கிணறு என்று நம்பி ஒவ்வொரு வெள்ளியும் குடித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு என் படிப்பில் பதில் கிடையாது.

இரண்டாம் கோடை. சித்திரையில் இரண்டாம் ஊரில் ஒரு கிழவருக்கு முழங்காலுக்குக் கீழே கொப்புளம். வைகாசியில் இன்னொரு பெண்ணுக்கு. அதே மாதக் கடைசியில் பழனியப்பனுக்குக் கணுக்காலில். அந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் தங்கள் ஊரில் பார்த்திராத நோய். நான் மூன்று புழுக்களையும் அளந்து எழுதிக்கொண்டேன். அப்போது எனக்கு இருந்தது பயம்கூட இல்லை, ஆச்சரியம். சுத்தமான கிணற்றுக்கு நோய் எப்படி வருகிறது என்று கண்ணெதிரே பார்க்கிற வாய்ப்பு என்று முகாமே பரபரத்தது.

பேராசிரியர் சபாபதியிடம், "உங்கள் பட்டியலில் முதல் ஊரிலிருந்து அங்கே போன பெண்கள் யார் யார்?" என்று கேட்டார். சொல் போகிற வழியில் நோயும் போகுமல்லவா என்பது அவர் யோசனை. சபாபதி தம் பட்டியலைச் சரிபார்க்க மறுபடி வீடு வீடாகப் போய்க் கேட்டார். கடந்த சில வருடங்களில் அந்த ஊரிலிருந்து வந்தவள் ஒருத்திதான். பெயரைக் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஒரு கேள்வி ஓர் ஊரில் என்ன செய்யும் என்று எங்கள் மூவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

பாவாயியின் காலில் தழும்பில்லை என்று நான் சொன்னேன். பேராசிரியர் அதைக் கேட்டு, அவள் பெயரை நீக்கிவிட்டார். எங்கள் தாளில் நீக்கிவிட்டார்.

ஆனிக் கடைசி வாரத்தில் முதல் கிணற்றுப் படியில் பாவாயியைப் பார்த்தேன். இடுப்பில் குடம். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. ஆடி பிறக்கப் போகிறது. கட்டிக்கொடுத்த பெண்களைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். "ஆடிக்கு வந்திருக்கிறாள்" என்று ஓரத்தில் எழுதிக்கூட வைத்தேன்.

"ஆடி நோம்பிக்கு வந்தாயா?" என்றேன்.

"ஆமாங்க," என்றாள்.

"உங்கள் தோட்டத்துக் கிணறு என்ன ஆயிற்று?"

"அது வத்திப்போச்சுங்க. இந்த வருசம் எங்கூட்டுக்கும் இதே தண்ணிதான்." குடத்தை முக்கி எடுத்து, ஒரு கையால் அள்ளிக் குடித்தாள். பிறகு என் தோளில் தொங்கிய திருகுமூடிக் கூஜாவைப் பார்த்தாள். அதில் முகாமில் காய்ச்சி ஆற்றிய தண்ணீர். "எங்க மாமியா ஊட்டுல மோரு குடிப்பீங்க. எங்கப்பா ஊர்ல ஒரு வாய்த் தண்ணி குடிச்சு நான் பாத்ததில்லீங்களே. எதுக்குங்க?"

"எனக்குத் தண்ணீர் மாறினால் வயிற்றுக்குச் சேராது," என்றேன்.

பொய். ஒரு முழத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினால் போதும், அந்தப் பூச்சி துணியில் தங்கிவிடும். பத்துச் சொல்லில் சொல்லி முடித்திருக்கலாம். கணக்கு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் சொல்லவில்லை. ஆடி மாதம் முழுவதும் அவளைப் பார்த்தேன், ஆடி முழுவதும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்தது. ஆடிக்கு வந்த பெண்கள் எல்லாம் போய்விட்டார்கள். பாவாயி மட்டும் குடத்தோடு நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ ஏன் இன்னும் போகவில்லை?"

"போறதுக்கு அங்க ஆருங்க கூப்புடறாங்க?" என்றாள். குரலில் அழுகை இல்லை. "உங்க எழுதற அய்யா வந்து, எந்த மருமவ எந்த ஊருன்னு கேட்டாருல்லீங்க? என்ற பேர மட்டும் எழுதிக்கிட்டுப் போனாருல்ல? அடுத்த நாளே ஊரு பூராப் பேசுனாங்க. நாந்தான் நரம்பக் கொண்டாந்து கெணத்துல உட்டேன்னு. காலேஜுக்காரங்களே கண்டுபுடிச்சுட்டாங்கன்னு. எங்க மாமியா மொதல்ல நம்பலீங்க. அவரு காலு சீழ் புடிச்ச பொறவு நம்பிக்கிட்டாங்க."

"பழனியப்பன் என்ன சொன்னார்?"

"கால் நோவுல அவரென்ன சொல்றது. கட்டல்ல படுத்துக்கிட்டு செவுத்தப் பாத்தாரு. வேற பொண்ணுப் பாக்கறாங்களாம் இப்ப."

முகாமுக்குத் திரும்பினேன். அவளுக்கு நோய் இருந்ததில்லை என்று நிரூபிக்க வேண்டும்; என்னிடம் குறிப்பு இருக்கிறது; எளிது என்று நினைத்துத்தான் நோட்டைத் திறந்தேன். ஆனால் அவளில்லை என்றால் எது என்று ஊர் கேட்குமே. மூன்று நோயாளிகளின் தேதியிலிருந்தும் பத்து மாதம், பதினொன்று, பன்னிரண்டு என்று பின்னோக்கி எண்ணினேன். மூன்றும் முந்தைய சித்திரை முதல் ஆடி வரைக்குள் வந்து விழுந்தன. அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். சித்திரை இரண்டாம் வெள்ளிக்கு எதிரே என் கையெழுத்தில் "இன்று முதல் புதிய வரிசை" என்று இருந்தது.

அன்று இரண்டாம் கிணற்றுக்குப் போகாமல் திரும்பிவிட்டதால் டப்பா அப்படியே மேசையில் இருந்தது, வலை உள்ளே. அந்தத் தண்ணீரைக் குழாயில் இறக்கி எண்ணினேன். இருபத்திரண்டு பூச்சிகள், எல்லாம் உயிரோடு. இரண்டின் உடலுக்குள் புழுக் குஞ்சு சுருண்டு அசைந்துகொண்டிருந்தது.

பேராசிரியரிடம் போனேன். நோட்டையும் டப்பாவையும் முன்னால் வைத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மறுபடியும் எண்ணிப் பாருங்கள், அம்மா."

எண்ணினேன். இருபத்திரண்டு. இரண்டு.

"மறுபடியும்."

எண்ணினேன். நிமிர்ந்தபோது அவர் நுண்ணோக்கியைப் பார்க்கவில்லை. நோட்டின் ஓரத்தில் இருந்த தம் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபாபதி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பட்டியல் கையிலேயே இருந்தது.

"இதை நம் அறிக்கையில் முழுவதும் எழுதுவேன்," என்றார் பேராசிரியர்.

"அறிக்கையை நல்லம்மாள் படிக்கமாட்டார், சார்," என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அது ஒருமுறைதான். "ஊரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பதிலாக வேறு பெண் பார்க்கிறார்கள்."

அவர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு, "நாளைக் காலை வண்டி எத்தனை மணிக்கு?" என்றார்.

இரண்டாம் கிணற்றடியில் ஊர் கூடியிருந்தது. மணியக்காரர் கல்லில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் கைகூப்பி நின்று, நோய்க்காரணியான நுண்ணுயிர் எங்கள் உபகரணத்தின் வாயிலாக இந்நீர்நிலையை வந்தடைந்தது என்றும், இதற்கான பொறுப்பு முழுவதும் தம்மைச் சார்ந்தது என்றும் சொன்னார்.

"அய்யா என்ன சொல்றாருங்க?" என்று மணியக்காரர் என்னிடம் கேட்டார்.

"நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்கிறார்."

"எத?"

"நரம்பை. பாவாயி கொண்டுவரவில்லை. இந்த வலையில் நான் கொண்டுவந்தேன்." வலையை விரித்துக் காட்டினேன்.

ஒருவர் சிரித்தார். "சல்லடையில புழு வருமாம்."

அதற்காகத்தான் நுண்ணோக்கியைக் கொண்டுபோயிருந்தோம். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். முதலில் பார்த்த மணியக்காரர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி குனிந்தார். "நீந்துதுங்க," என்றார் கூட்டத்திடம். "உள்ள ஒண்ணு சுத்திக்கிட்டுக் கெடக்குது." சிரித்தவரும் பார்த்தார், அதன்பின் சிரிக்கவில்லை. பாவாயியின் காலைப் பற்றி எழுதியதையும், வரிசை மாறிய தேதியையும், மாதக் கணக்கையும் நான் வாசித்தேன். சபாபதி முன்னால் வந்து, தாம் பெயர் எழுதியது ஆராய்ச்சிக்குத்தான், குற்றம் கண்டுபிடித்து அல்ல என்றார். "அத அன்னிக்கே சொல்லீட்டுப் போயிருக்கோணும் சாமி," என்றார் கால்கட்டோடு உட்கார்ந்திருந்த கிழவர்.

நல்லம்மாள் கடைசியாகக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீதானா?"

"ஆமாங்க."

"எம்பட மருமவளத் தொரத்திப்போட்டு உனக்கு வாராவாரம் மோரு ஊத்துனனே," என்றாள்.

கட்டிலிலிருந்து எழுந்து வந்து ஓரமாக நின்ற பழனியப்பன் நொண்டிக்கொண்டே போய் வண்டியைப் பூட்டினார். அன்று பொழுது சாய்வதற்குள் பாவாயியை அழைத்து வந்துவிட்டார்.

அதன்பிறகு விதி எதையும் நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு ஊரிலும் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தோம். அந்த ஐப்பசிக்குள் இரண்டு கிணற்றின் படிகளையும் கல் வைத்து அடைத்து, மேலே சுவர் எழுப்பி, கயிறு போட்டு இறைக்க வைத்தார்கள். ஆனால் இது பத்து மாதம் பொறுத்து வருகிற நோய்; ஐப்பசியில் படியை அடைத்தது, முந்தைய கோடையில் குடித்துவிட்ட தண்ணீரைத் தடுக்காது. மூன்றாம் கோடையில் இரண்டாம் ஊரில் இன்னும் ஐந்து பேருக்கு வந்தது. அதற்கடுத்த கோடையில் யாருக்கும் இல்லை.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றுக்கு ஒரு வலை. ஒரு வலைக்கு மேல் கிடைக்காவிட்டால் சுத்தமான கிணறு முதலில். வேலை முடிந்ததும் வலையை வெந்நீரில் முக்கி, வெயிலில் மொடமொடவென்று காயவிடுங்கள். பட்டு விரிசல் விட்டால் விடட்டும். கிணற்றில் எதையும் அலசாதீர்கள். ஊரில் யாரிடமாவது பெயர் கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும்வரை எழுந்து வராதீர்கள். குடிக்கிற தண்ணீரைப் பற்றி ஒருவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கணக்குக் கெட்டால் கெடட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த ஐந்து பேரில் ஒருத்தி பாவாயி.

மூன்றாம் கோடை வைகாசியில் அவளுக்கு வலது பாதத்தில் வந்தது. செய்தி கேட்டுப் போனேன். கவிழ்த்த கூடைமேல் காலை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். ஈர்க்குச்சியில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. வாசலில் இரண்டு பெண்கள். "அப்பவே சொன்னோம், இவளுக்கு இருந்துச்சுன்னு," என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"வாய மூடு," என்றாள் நல்லம்மாள் உள்ளேயிருந்து. "நரம்பு இல்லாதவள நாந்தான் அந்தத் தண்ணிக்கு அனுப்புனேன்."

அளவெடுத்தேன். நோட்டைத் திறந்தேன். பெயர், வயது, எந்தக் கால், புழுவின் நீளம், எந்தக் கிணறு. பாவாயி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய எந்தக் கெணத்துல போடுவீங்க அம்மிணி?"

நான் ஏற்கெனவே எண்ணிப் பார்த்திருந்தேன். ஆனிக் கடைசி முதல் ஆவணி நடு வரை அவள் அங்கே இருந்தாள். பத்து, பதினொரு மாதம். "முதல் கிணறு," என்றேன்.

"அது தண்ணி. நான் பொறந்ததுல இருந்து அந்தத் தண்ணியத் தொட்டதில்லீங்க. அங்க நான் எதுக்குப் போனேன்னு உங்க நோட்டுல எங்க எழுதுவீங்க?"

அதற்குக் கட்டம் இல்லை. ஸ்கேலை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டேன். தலைப்பில் 'காரணம்' என்று எழுதினேன். அவள் வரிக்கு நேரே என் பெயரை எழுதி, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாசித்துக் காட்டினேன்.

பாவாயி காலைக் கூடைமேல் சரியாக வைத்துக்கொண்டாள்.

"அத்தே," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அம்மிணிக்கு மோரு கொண்டாங்க." பிறகு என்னிடம், "வடிகட்டுன தண்ணிதானுங்க. பயப்படாமக் குடிங்க," என்றாள்.